நுரையீரலில் நீர், கோளாறு இதயத்தில்

உங்கள் அம்மாவுக்கு 68 வயது, இருபது வருடமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறார், போன வாரம் நடுராத்திரியில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தார், மருத்துவமனையில் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே மூன்று கேள்விகள். நீர் நுரையீரலில் இருக்கும்போது மருந்தெல்லாம் ஏன் இதயத்துக்குத் தருகிறார்கள்? இதயத்தின் எக்கோ ஸ்கேனில் பம்பிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இதயத்தையே ஏன் காரணம் காட்டுகிறார்கள்? பேசாமல் அந்த நீரை ஊசி போட்டு எடுத்துவிடக் கூடாதா?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இதயப் பிரிவில் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் குடும்பத்தினர் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்.

‘நுரையீரலில் நீர்’ என்று நாம் ஒரே பேச்சில் சொல்வது இரண்டு வேறு வேறு விஷயங்களாக இருக்கலாம். நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. அந்த இரண்டுக்கும் நடுவில் நீர் சேர்ந்தால் அது நுரையீரலுக்கு வெளியே, ஒரே இடத்தில் தேங்கி நிற்கிற நீர். அதை ஊசி போட்டு எடுக்க முடியும். இன்னொன்று, நுரையீரலின் சதைக்குள்ளேயே நீர் ஊறி, காற்றுப் பைகளுக்குள் கசிவது. ஒரு மனிதனின் நுரையீரலில் முப்பது கோடிக்கும் மேல் காற்றுப் பைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் கிட்டத்தட்ட 70 சதுர மீட்டர் வரும். இவ்வளவு பரப்பில் ஊறிய நீர், நனைந்த பஞ்சில் இருக்கும் நீர் மாதிரி. பஞ்சில் எங்கே ஊசி குத்தினாலும் நீர் வராது. அது வந்த வழியே ரத்தத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், இல்லையென்றால் நிணநீர்க் குழாய்கள் அதை இழுத்துக்கொள்ள வேண்டும். வேறு வழி இல்லை.

நடுராத்திரியில் திடீரென்று திணறி, மருந்து கொடுத்துச் சில மணி நேரத்தில் தெளிந்தார் என்றால், உங்கள் அம்மாவுக்கு வந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. இதயக் கோளாறில் இரண்டு வகையும் சேர்ந்தே வருவதும் உண்டு. டிஸ்சார்ஜ் தாளில் எது எழுதியிருக்கிறது என்று ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, இதயத்துக்கு வருவோம். இதயத்தை ஒரு பம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒட்டிப் பிறந்த இரண்டு பம்புகள். வலது பக்கம் உடம்பிலிருந்து வரும் ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. நுரையீரலில் காற்று வாங்கிய ரத்தம் இடது பக்கம் வந்து, அங்கிருந்து உடம்பு முழுக்கப் போகிறது. அதாவது இரண்டு பம்புகளுக்கும் நடுவில் நுரையீரல் மாட்டிக்கொண்டிருக்கிறது. வலது பக்கம் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் அனுப்பினால், இடது பக்கமும் அதே ஐந்து லிட்டரை எடுத்து வெளியே தள்ளியாக வேண்டும். இதில் பாக்கி வைக்க இடமே கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வலது பக்கத்தை விட இடது பக்கம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே ஒரு சொட்டு குறைவாகத் தள்ளுகிறது என்று வையுங்கள். இருபது சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் மூன்றரை மில்லி பாக்கி. ஒரு மணி நேரத்தில் 210 மில்லி. மூன்று மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல், அவ்வளவும் நுரையீரலின் ரத்தக்குழாய்களில் வந்து தேங்கும். உடம்பு இதை உடனுக்குடன் சரிசெய்துகொண்டே இருப்பதால்தான் நாம் உயிரோடு இருக்கிறோம். அந்தச் சமன் கொஞ்சம் தவறினாலும் பாதிப்பு நுரையீரலில்தான் தெரியும். 1878-இல் வில்லியம் வெல்ச் என்ற இளம் அமெரிக்க மருத்துவர், ஜெர்மானிய ஆய்வுக்கூடம் ஒன்றில் முயல்களை வைத்து இதைத்தான் காட்டினார். இடது பக்கத்தில் ரத்தத்தை வெளியே தள்ளும் கீழறையை மட்டும் முடக்கினால், வலது பக்கம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கும், நுரையீரல் நீரில் மூழ்கும்.

ரத்தம் தேங்கினால் நீர் ஏன் வெளியே வருகிறது? காற்றுப் பைகளைச் சுற்றி முடியை விட மெல்லிய ரத்தக்குழாய்கள் வலை மாதிரி ஓடுகின்றன. குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளப் பார்க்கும். ரத்தத்தில் இருக்கும் புரதம், முக்கியமாக ஆல்புமின், நீரை உள்ளேயே பிடித்து வைக்கப் பார்க்கும். இந்த இழுபறியை 1896-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் விளக்கினார். புரதத்தின் பிடி சுமார் 25 மில்லிமீட்டர் பாதரச அளவு. குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் சாதாரணமாகப் பத்தைச் சுற்றித்தான் இருக்கும், ஆகவே கசிவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் நிணநீர்க் குழாய்கள் வடித்துவிடும். இடது பக்கம் திணறி அழுத்தம் 18-ஐத் தாண்டும்போது நுரையீரலின் சதை நனைய ஆரம்பிக்கும். 25-ஐத் தாண்டினால் நீர் காற்றுப் பைகளுக்குள்ளேயே புகுந்துவிடும். அங்கே காற்றும் நீரும் கலந்து நுரை கட்டும். ரத்த அணுக்களும் கொஞ்சம் கசிவதால் சிலருக்கு அது இளஞ்சிவப்பு நுரையாக வாயில் வரும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அழுத்தம் மாதக்கணக்கில் மெதுவாக ஏறினால், நிணநீர்க் குழாய்கள் பெருத்துப் பல மடங்கு நீரை வடிக்கப் பழகிவிடும். அதனால்தான் சிலர் 25-க்கு மேல் அழுத்தத்தோடும் வீட்டில் நடமாடிக்கொண்டிருப்பார்கள். அதே அழுத்தம் பத்து நிமிடத்தில் ஏறினால் பழகிக்கொள்ள நேரம் ஏது? மனிதர் மூழ்கிவிடுவார். நோய் எவ்வளவு பெரிது என்பதோடு அது எவ்வளவு வேகமாக வந்தது என்பதும் முக்கியம்.

ஆக, இதயத்தின் இடது பக்கத்தில் ரத்தம் போகும் பாதை எங்கே இடறினாலும் பின்னால் இருக்கும் நுரையீரலில் நீர் ஏறும். எங்கெங்கே இடறலாம் என்பதுதான் உங்கள் கேள்விக்கான பதிலின் முக்கிய பாகம்.

முதலில் மாரடைப்பு. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய் அடைத்து, இடது கீழறையின் தசையில் ஒரு பெரிய துண்டு வேலையை நிறுத்தினால், சில நிமிடங்களிலேயே பின்தேக்கம் ஆரம்பிக்கும். மாரடைப்பு நோயாளிகளை 1967-இல் கில்லிப், கிம்பால் என்ற இருவர் நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். அதில் மூன்றாவது நிலை, நுரையீரல் முழுக்க நீர் ஏறியது. இன்றும் அந்தப் பிரிவு புழக்கத்தில் இருக்கிறது, ஏனென்றால் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டே சொல்லிவிடலாம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமல், வெறும் மூச்சுத் திணறலாக வரலாம். வலி இல்லையே என்று காத்திருந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீர் கோத்து வந்தவருக்கு இசிஜி எடுப்பதும், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனினைப் பார்ப்பதும் அதற்காகத்தான்.

மாரடைப்பு வந்து சில நாள் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது இன்னொரு ஆபத்து வரலாம். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் சிறு தசைத் தூண்களில் ஒன்று பெரும்பாலும் ஒரே ரத்தக்குழாயை நம்பி இருக்கும். அந்தக் குழாய் அடைபட்டிருந்தால் தூண் அறுந்து, வால்வு மடல் தொளதொளவென்று ஆடும். கீழறை அழுத்தும்போதெல்லாம் ரத்தம் பின்பக்கமாக, நுரையீரலை நோக்கிப் பாயும். இது அவசர அறுவை சிகிச்சைக்குரிய விஷயம்.

அடுத்தது, எல்லோருக்கும் தெரிந்த ‘பம்பிங் குறைவு’. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் எக்கோ தாளில் இருக்கும் அந்த எண். சாதாரணமாக 55-க்கு மேல் இருக்கும். 40-உம் அதற்குக் கீழும் போனால் பலவீனமான இதயம் என்பார்கள். பழைய மாரடைப்பு, வருடக்கணக்கான குடி, வைரஸ் காய்ச்சலால் இதயத் தசையில் வந்த அழற்சி, சில புற்றுநோய் மருந்துகள், பரம்பரை என்று காரணங்கள் பல. கர்ப்பத்தின் கடைசி மாதத்திலோ பிரசவம் முடிந்து ஐந்து மாதத்துக்குள்ளோ, அதுவரை நன்றாக இருந்த பெண்ணின் இதயம் பலவீனமாவதும் உண்டு. பிள்ளை பெற்ற அலுப்பு என்று அந்த மூச்சிரைப்பை வீட்டில் ஒதுக்கிவிடுகிறார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ஒரு இளம் தாய் சொன்னால் அதை அலுப்பு என்று விடாதீர்கள், எக்கோ எடுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பம்பிங் நன்றாக இருந்தும் நீர் எப்படி வரும்?

இதயத்துக்கு இரண்டு வேலை. சுருங்கித் தள்ளுவது ஒன்று, தளர்ந்து வாங்கிக்கொள்வது இன்னொன்று. எக்கோ தாளில் பெரிதாகத் தெரியும் அந்த சதவீதம் முதல் வேலையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பல வருடம் அதிக பிபியை எதிர்த்துத் தள்ளித் தள்ளி, கீழறையின் சுவர் தடித்துப்போகும். உடற்பயிற்சி செய்தவரின் கை தசை மாதிரி பெருக்கும், ஆனால் விறைப்பாகிவிடும். விறைத்த அறை விரிந்து கொடுக்காது. உள்ளே போகும் ரத்தம் கொஞ்சம் கூடினாலும் அழுத்தம் சட்டென்று எகிறும், அந்த அழுத்தம் அப்படியே பின்னால் நுரையீரலுக்கு ஏறும். சுருங்கும் வேலையோ அருமையாக நடக்கும். 60 சதவீதம் என்று எழுதித் தருவார்கள். நோயாளியோ இரண்டு தலையணை வைத்துப் படுத்திருப்பார்.

இதய செயலிழப்பு, அதாவது இதயம் தன் வேலையைச் சரிவரச் செய்ய முடியாத நிலை, உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்த வகைதான். பெண்கள், வயதானவர்கள், பிபி, சர்க்கரை, உடல் பருமன் உள்ளவர்கள் இதில் அதிகம். ‘இதயம் நல்லா இருக்கு’ என்று சொல்லி இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. எக்கோ தாளில் அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். சுவர் தடிப்பு, இடது மேலறையின் அளவு, தளரும் தன்மை பற்றிய வரி, வால்வுகளைப் பற்றிய வரி, நுரையீரல் தமனி அழுத்தம் எல்லாம் அதே தாளில்தான் இருக்கும். இடது மேலறை பெருத்திருந்தால், அழுத்தம் வெகுநாளாக ஏறியே இருந்திருக்கிறது என்று பொருள்.

விறைத்த இதயத்தோடு திடீர் பிபி ஏற்றம் சேர்ந்தால் வருவதுதான் நடுராத்திரி நாடகம். ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, பிபி 200-ஐத் தொடுகிறது, அவ்வளவு எதிர்ப்பை மீறித் தள்ள முடியாமல் இடது பக்கம் திணறுகிறது, சில நிமிடங்களில் நுரையீரல் நிரம்புகிறது. திணறல் பயத்தைக் கூட்டுகிறது, பயம் பிபியை இன்னும் ஏற்றுகிறது. இதில் பலருக்கு உடம்பில் மொத்த நீர் பெரிதாகக் கூடியிருக்காது. இருந்த நீர் இடம் மாறியதுதான் பிரச்சினை. அதனால்தான் அங்கே நைட்ரோகிளிசரின் போன்ற, குழாய்களைத் தளர்த்தும் மருந்து அவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. பயந்து வந்த குடும்பத்துக்கு முன்னால் அரை மணி நேரத்தில் அவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

பிபியும் பம்பிங்கும் சேர்ந்து குழப்பும் இந்த இடத்தில் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகும் தமனிகள் சுருங்கியிருந்தால், சிறுநீரகம் ரத்தம் போதவில்லை என்று தப்பாகக் கணக்குப் போட்டு, உப்பையும் நீரையும் பிடித்து வைத்து பிபியையும் ஏற்றிவிடும். இப்படிப்பட்டவர்களுக்குத் திடீர் திடீரென்று நுரையீரலில் நீர் ஏறுவதை 1988-இல் தாமஸ் பிக்கரிங்கின் குழு எழுதியது. இப்போது அவர் பெயராலேயே அந்த நோய்க்குறி அழைக்கப்படுகிறது. நான்கைந்து பிபி மாத்திரை சாப்பிட்டும் அடங்கவில்லை, இரண்டாம் முறையும் இப்படி நீர் ஏறியது, எனலாப்ரில், டெல்மிசார்டன் வகை பிபி மாத்திரை ஆரம்பித்ததும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் சட்டென்று ஏறியது என்றால், சிறுநீரகத் தமனிக்கு, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். எல்லோருக்கும் தேவைப்படாது. தேவைப்படுகிறவருக்கு எடுக்காமல் விட்டால் திரும்பத் திரும்ப மருத்துவமனைதான்.

வால்வுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை, அதனால் தவறவிடுவது பெரிய இழப்பு.

மைட்ரல் வால்வு, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வாசல். திறந்தால் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வழி இருக்கும். சிறு வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்த ருமாட்டிக் காய்ச்சல், பத்து இருபது வருடத்தில் இந்த வாசலின் ஓரங்களை ஒட்டவைத்துவிடும். 1.5-க்குக் கீழே போனால் தொல்லை ஆரம்பிக்கும். இங்கே இடது கீழறை முழு ஆரோக்கியமாக இருக்கலாம். பாவம், அதற்கு ரத்தமே வந்து சேருவதில்லை. தேக்கம் முழுக்க வாசலுக்குப் பின்னால். இவர்கள் வருடக்கணக்கில் சமாளித்துவிட்டு, கர்ப்பமானதும் திடீரென்று திணறுவார்கள். கர்ப்பத்தில் ரத்த அளவு ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது, துடிப்பும் வேகமாகிறது, குறுகிய வாசல் அதற்கு ஈடு கொடுக்காது. 1982-இல் ஜப்பானில் கான்ஜி இனோவே என்ற மருத்துவர் பலூன் வைத்து இந்த வாசலைத் திறந்து காட்டினார். நெஞ்சைப் பிளக்காமல், காலின் ரத்தக்குழாய் வழியாகவே செய்துவிடலாம். பொருத்தமானவர்களுக்குக் கர்ப்பத்தின்போதுகூடச் செய்கிறார்கள்.

அயோர்ட்டிக் வால்வு சுருங்குவது பெரும்பாலும் முதுமையில் வருவது. வெளியே போகும் வாசலே அடைத்தால், கீழறை முதலில் தடிக்கும், அப்புறம் தளரும், பின்னால் நீர் ஏறும். நடந்தால் மூச்சு வாங்குகிறது, ஒரு முறை மயங்கி விழுந்தார், நெஞ்சு அழுத்துகிறது என்ற மூன்றையும் வயசாகிவிட்டது என்று கணக்கில் எழுதிவிடுகிறோம். மாத்திரையால் இந்த வால்வைத் திறக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். 2002-இல் பிரான்ஸில் அலென் கிரிபியே, திறந்த அறுவை சிகிச்சை இல்லாமல் குழாய் வழியாக முதல் புது வால்வைப் பொருத்தினார். அதற்குப் பிறகு, அறுவை தாங்க மாட்டார் என்று கைவிடப்பட்ட எத்தனையோ முதியவர்களுக்கு வழி பிறந்திருக்கிறது.

வால்வு மெதுவாகக் கசிந்தால் இதயம் பெருத்துச் சமாளிக்கும். திடீரென்று கிழிந்தால் சமாளிக்காது. மைட்ரல் வால்வின் இழை அறுவது, கிருமித் தொற்று வால்வை அரிப்பது, பெருந்தமனியின் சுவர் கிழிந்து அயோர்ட்டிக் வால்வு வரை போவது எல்லாம் இந்த ரகம். காய்ச்சல் பல நாள் விடாமல் இருந்து, அதன் நடுவில் மூச்சுத் திணறல் வந்தால் வால்வுத் தொற்றை நினைக்க வேண்டும்.

துடிப்பின் தாளம் கெட்டாலும் நீர் ஏறும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பதில் மேலறைகள் சுருங்குவதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கும், கீழறை தாறுமாறாக, வேகமாகத் துடிக்கும். கீழறை நிரம்புவது துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் உள்ள ஓய்வில்தான். வேகம் கூடினால் அந்த ஓய்வு சுருங்கும். கடைசியில் மேலறை கொடுக்கும் ஒரு தள்ளு, நிரம்பலில் ஐந்தில் ஒரு பங்கையாவது தருவது, அதுவும் போய்விடும். நல்ல இதயத்துக்கு இது தாங்கும். விறைத்த இதயத்துக்கும் குறுகிய மைட்ரல் வால்வுக்கும் தாங்காது. நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று ஏன் இப்படி ஆனார் என்ற கேள்விக்குப் பல தடவை பதில் இதுவாகத்தான் இருக்கும். துடிப்பு ரொம்பக் குறைந்துபோனாலும் இதே கதி நேரலாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும் துக்கத்தின் அதிர்ச்சியில் இடது கீழறையின் நுனி பலூன் மாதிரி வீங்கித் தற்காலிகமாக முடங்கும் நோய் ஒன்று உண்டு. ஜப்பானியர்கள் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் அதை டகோட்சுபோ என்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பிறவியிலேயே இதயச் சுவரில் பெரிய ஓட்டை இருக்கும் குழந்தைக்கு நுரையீரலுக்கு அளவுக்கு மீறி ரத்தம் பாயும். பால் குடிக்கும்போதே வியர்த்து, மூச்சு வாங்கி, எடை ஏறாமல் இருக்கும். கடுமையான ரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, தயமின் (வைட்டமின் பி1) குறைபாடு ஆகியவை இதயத்தை ஓயாமல் ஓட்டி ஓட்டிச் சோர வைக்கும்.

இதயத்தின் வலது பக்கம் மட்டும் பழுதானால் நுரையீரலில் நீர் ஊறாது. தேக்கம் அதற்குப் பின்னால், அதாவது கால், வயிறு, ஈரல், கழுத்து ரத்தக்குழாய் என்று போகும். கால் வீக்கம் இருந்தால்தான் இதய நோய் என்று நினைத்துவிடாதீர்கள். இடது பக்கம் திடீரென்று திணறும்போது கால் சற்றும் வீங்காமலே இருக்கலாம். அதேபோல, நுரையீரலில் ஊறும் நீர் எல்லாமே இதயத்தால் வருவதும் இல்லை. கடுமையான நிமோனியா, உடம்பு முழுக்கப் பரவிய தொற்று, உயரமான மலையில் வேகமாக ஏறுவது, சிறுநீரகம் செயலிழப்பது ஆகியவற்றாலும் வரும். அதனால்தான் இத்தனை பரிசோதனை.

நெஞ்சு எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் வௌவால் இறக்கை மாதிரி வெள்ளையாகத் தெரியும். பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை, இதய அறைகள் இழுபடும்போது சுரக்கும் ஒரு பொருளை அளக்கிறது. 1988-இல் அதை முதலில் பன்றியின் மூளையில் கண்டெடுத்ததால் பெயரில் மூளை (பிரெய்ன்) என்ற ‘பி’ ஒட்டிக்கொண்டது. அது 100-க்குக் கீழே இருந்தால் இதயத்தால் வந்த திணறலாக இருக்க வாய்ப்பு குறைவு. உடல் பருமன் உள்ளவர்களுக்கு மட்டும் இந்த எண் ஏமாற்றும், குறைவாகக் காட்டும். ஆஸ்துமாவோ இதயமோ என்று குழம்பும் நேரத்தில் இது பெரிய உதவி. நீர் கோத்த நுரையீரலும் விசில் அடிக்கும், ஆஸ்துமா மாதிரியே இழுக்கும். அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக இழுப்பு வந்தால், இன்ஹேலரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் முன் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஊசியில் கொடுத்த ஃபுரோசமைட் சிறுநீரைப் பிரித்து நீரை வெளியேற்றும். இறுக்கமான முகமூடி வழியாகக் காற்றை அழுத்திக் கொடுத்தது காற்றுப் பைகளைத் திறந்து பிடித்து வைக்க. இவை இரண்டும் அன்றைய ராத்திரிக்கானவை. வீட்டுக்குத் தந்திருக்கும் மாத்திரைகள் அடுத்த ராத்திரி வராமல் இருக்க. நீர் வடிந்தது, மூச்சு சரியானது, இனி எதற்கு இத்தனை மாத்திரை என்று நிறுத்திவிட்டு மூன்றாவது வாரத்தில் திரும்பி வருபவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படும். நீர் வடிந்தபிறகும் விறைத்த சுவர் விறைத்தபடியேதான் இருக்கிறது, சுருங்கிய வால்வு சுருங்கியபடியேதான் இருக்கிறது. பலவீனமான இதயத்துக்கு இன்று நான்கு வகை மருந்துகள் சேர்த்துத் தருவது வழக்கம். அவற்றில் ஒன்று, சர்க்கரைக்காக வந்த எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகை. விறைத்த இதயம் உள்ளவர்களும் மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டியிருப்பதை இந்த வகை குறைக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரையே இல்லாமல் இதை எழுதியிருந்தால் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், நீண்டகால பிபியால் விறைத்த இதயம்தான் முதலில் தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் அதற்கு மேல் சொல்வது முறையல்ல. ஆனால் அடுத்த முறை மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். அன்று ராத்திரி எது தூண்டியது? மாத்திரை விட்டுப்போனதா, உப்பு கூடியதா, தாளம் கெட்டதா, மாரடைப்பு இருந்ததா? வால்வுகள் எப்படி இருக்கின்றன? சிறுநீரகத் தமனியைப் பார்க்க வேண்டுமா? தூண்டியது எது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தால் பாதி சிகிச்சைதான் முடிந்தது.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை அவராக வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று விசாரியுங்கள். இவை உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும், பிபியையும் ஏற்றும். நான் பார்த்த மறுசேர்க்கைகளில் இந்த வலி மாத்திரை ஒளிந்திருந்த கதைகள் நிறைய.

காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், தினமும் எடை பார்த்து எழுதி வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பாக இருக்க முடியாது, நீர்தான். அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள், திணறல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தலையணை ஒன்றிலிருந்து இரண்டானாலும், குனிந்து செருப்பு மாட்டும்போது மூச்சு முட்டினாலும், படுத்த பிறகு மட்டும் வறட்டு இருமல் வந்தாலும் அதே எச்சரிக்கைதான். படுக்கும்போது காலில் இருக்கும் ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பி வருவதால் ராத்திரியில்தான் இவை முதலில் தெரியும்.

மறுபடி அப்படி ஒரு ராத்திரி வந்தால், உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். பதறிப்போய் அவரைப் படுக்க வைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, முதுகுக்குத் தலையணை கொடுங்கள். ரத்தம் கொஞ்சம் காலில் தங்கினாலும் நுரையீரலுக்குச் சுமை குறையும். தண்ணீர் குடிக்கக் கொடுக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாத்திரைச் சீட்டையும் எக்கோ தாளையும் ஒரே கவரில் போட்டு இப்போதே கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் தேட முடியாது.